புது ஐஷேடோ பேலட் இமையில் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது: குறை பேலட்டிலா, பூசும் விதத்திலா?

கேள்வியின் சுருக்கம் இது. 12 நிறங்கள் கொண்ட புது பேலட்; எட்டு மேட் (மினுங்காதவை), நான்கு ஷிம்மர் (மினுங்குபவை). டப்பாவைத் திறந்தால் கண்ணைப் பறிக்கிறது. மாநிறத் தோலில் போட்டால் வெளிறிச் சாம்பல் பூத்தது போலாகிவிடுகிறது. போடும்போதே கன்னமெல்லாம் பொடி கொட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் இமை மடிப்பில் கோடு கோடாகத் திரண்டுவிடுகிறது. ஒரு நிறத்தின் வில்லை (அழுத்திக் கட்டிய பொடி) கூரியரில் வரும்போதே நொறுங்கிவிட்டது. பேலட் மட்டமா, இல்லை போடத் தெரியவில்லையா?

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வெவ்வேறு. சாம்பல் பூப்பதற்குக் காரணம் நிறத் தேர்வும் அடியில் பூசியதும். பொடி கொட்டுவது பெரும்பாலும் பிரஷ்ஷில் எடுக்கும் விதத்தால். கோடு திரள்வது இமையின் எண்ணெயால். மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தால் எது எதனால் சரியானது என்றே புரியாது. அதனால்தான் புது பேலட்டை முதல்முறை ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் திறக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். வெளியே போகாத ஒரு நாளின் காலை நேரம், ஜன்னலோர வெளிச்சம், ஒரு கண்ணாடி இருந்தால் போதும்.

திறக்கும் முன் அட்டையைப் படியுங்கள். இந்தியாவில் தயாரானதென்றால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரியோடு பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். பிரபல பிராண்டின் பெயர் இருந்து இவை எதுவுமே இல்லையென்றால் அது போலி என்றே எடுத்துக்கொண்டு கண்ணுக்குப் போடாமல் விடுங்கள். விலை பாதியாக இருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மூடி திறந்த சின்ன டப்பா படத்துக்குள் 12M, 24M என்று போட்டிருப்பது, திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும். திறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

சேர்மானப் பட்டியலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, சில வில்லைகளுக்கு ஐஷேடோ என்று சொல்லாமல் ‘பிரெஸ்டு பிக்மெண்ட்’ என்று எழுதியிருப்பார்கள். அடர்ந்த சிவப்பு, பளீர் ரோஸ், ஊதா, நியான் நிறங்களில் இது அதிகம். அமெரிக்காவில் கண்ணருகே பயன்படுத்த அனுமதித்த சாயங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் இல்லாத சாயத்தைச் சேர்த்தால் அதைக் கண்ணுக்கு என்று சொல்லி விற்க முடியாது. எனவே ‘கண்ணருகே பயன்படுத்த அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு மற்ற ஐஷேடோக்களோடு ஒரே பேலட்டில் வைக்கிறார்கள். இவை தோலில் கறை பிடிக்கும், சிலருக்கு அரிக்கும். இரண்டாவது, சி.ஐ. 75470 என்ற எண். அது கார்மைன், கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சைவம் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. கண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட சாயம்தான் என்றாலும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

ஆகவே முதல் நாள் இமையைத் தொடவே வேண்டாம். பேலட்டில் உள்ள சிவப்பு, ரோஸ், ஊதா வகையில் அடர்ந்த ஒன்றையும் ஒரு ஷிம்மரையும் முழங்கை உள்மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ பத்து பைசா அளவுக்குத் தடவி விடுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு தடவை, 48 மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த வில்லையை ஒதுக்கிவிடுங்கள். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. கை தாங்கியதை இமை தாங்காமலும் போகலாம். அதனால் கையில் சரியாக இருந்தாலும் இமையில் முதல்முறை கொஞ்சமாகவே தொடங்குங்கள்.

இனி சாம்பல் விஷயம். ஒரு மேட் வில்லையில் பெரும்பகுதி டால்க், மைக்கா போன்ற நிறமில்லாத பொடிகள்தான். பொடியைக் கட்டிப்பிடித்து வைக்க ஜிங்க் ஸ்டியரேட் போன்ற பொருளும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும் சேர்ந்திருக்கும். நிறம் தருவது இரும்பு ஆக்சைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்துதான் எல்லாப் பழுப்பு நிறங்களும் வருகின்றன. ஒரு பழுப்பை இளம்பழுப்பாக்க அதில் டைட்டானியம் டைஆக்சைடு சேர்ப்பார்கள். சுவரில் அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருப்பதும் அதுதான். வெளிர்ந்த தோலில் அந்த வெள்ளை தெரியாது. மாநிறத் தோலில் நிறம் மங்கி வெள்ளை மட்டும் மேலே நிற்கும், முகத்தில் பவுடர் அப்பிவிட்டுத் துடைக்காமல் விட்டது போல. உங்கள் பேலட்டில் நீங்கள் முதலில் எடுத்தது அந்த வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். ‘டிரான்சிஷன் ஷேட்’ (தோலுக்கும் அடர்ந்த நிறத்துக்கும் நடுவே பாலமாக மடிப்பில் வைக்கும் நிறம்) என்று பேலட்டோடு வரும் படத்தில் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அது உங்களுக்கான டிரான்சிஷன் இல்லை. உங்கள் தோலைவிட ஒரு படி அடர்ந்ததும் சூடான சாயலுள்ளதுமான நிறம்தான் உங்களுக்கு அந்த வேலையைச் செய்யும்: செங்கல் நிறம், இலவங்கப்பட்டை நிறம், கருப்பட்டி நிறம். உங்களைவிட நிறம் கூடியவர்களுக்கு ஆழ்ந்த காபிக்கொட்டை நிறமே டிரான்சிஷனாக அமையும். வெளிர் பழுப்பைப் புருவ எலும்பின் கீழே மட்டும், அதுவும் இலேசாக வையுங்கள். அங்கேயும் வெளிறினால் அந்த வில்லையை விட்டுவிடுங்கள்.

முன்கையின் உட்புறம் ஸ்வாட்ச் போட்டு (ஒரு கோடு தடவிப் பார்த்து) நிறத்தைத் தீர்மானிப்பது பெரிய ஏமாற்று. அந்த இடம் உங்கள் உடம்பிலேயே வெளுத்த இடங்களில் ஒன்று. நம்மில் பலருக்கு இமையோ முகத்தைவிட ஓரிரு படி கறுத்திருக்கும். கை ஸ்வாட்சிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது பொடியின் தன்மையை மட்டும். மோதிர விரலால் அழுத்தாமல் ஒரே ஒரு முறை வில்லையில் தடவி, கையில் ஒரே இழுப்பாக இழுங்கள். கோடு சீராக விழுகிறதா, திட்டுத் திட்டாகவா என்று பாருங்கள். பிறகு ஊதிவிட்டு, இன்னொரு விரலால் ஒரு முறை துடையுங்கள். பாதிக்கு மேல் நிறம் நின்றால் பொடி தோலில் ஒட்டுகிறது என்று பொருள். துடைத்ததும் சுத்தமாகப் போய்விட்டால் பசை போதவில்லை. அந்த வில்லை இமையிலும் கொட்டும். ஆனால் விரலில் இருக்கும் எண்ணெயும் சூடும் எந்தப் பொடியையும் அழகாகக் காட்டும். கடைசி வார்த்தை பிரஷ்ஷினுடையதுதான்.

இரண்டாம் கட்டமாகப் பாதிக் கண் சோதனை. என்னைக் கேட்டால் இந்தப் பதில் முழுவதிலும் முக்கியமானது இதுதான். வலது இமையில் பிரைமர் (ஐஷேடோ பிடித்து நிற்க அடியில் பூசுவது), இடது இமையில் ஒன்றும் இல்லை. இரண்டிலும் அதே நிறம், அதே பிரஷ், அதே தடவை. ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி நேரம் கழித்து அதே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பிரைமர் போடாத கண்ணில் மட்டும் கோடு திரண்டால் குற்றவாளி இமையின் எண்ணெய், பேலட்டைத் திட்டாதீர்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் திரண்டால் பிரைமர் உங்களுக்குப் பொருந்தவில்லை, அல்லது அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். கோடு விழாமல் இரண்டிலும் நிறம் மட்டும் மெல்ல மறைந்துவிட்டால் பொடியில் பசை போதவில்லை, குறை பேலட்டில்தான். போடும்போது இருந்ததைவிடக் கறுத்துப்போனால் எண்ணெய் பொடியை நனைத்துவிட்டது என்று அர்த்தம். பொடி ஈரம் பட்டால் அடர்ந்து தெரியும், செம்மண்ணில் தண்ணீர் தெளித்த மாதிரி.

பிரைமர் எவ்வளவு? இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு அரிசி மணி. அதற்கு மேல் போனால் பிரைமரே மடிப்பில் திரண்டு ஐஷேடோவையும் கூட இழுத்துக்கொள்ளும். முகம் கழுவியதும் இமையில் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ சன்ஸ்கிரீனோ மிச்சமில்லாமல் ஒற்றி எடுத்துவிட்டு, மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பி, ஒரு நிமிடம் விடுங்கள். பிரைமர் இல்லையென்றால் கன்சீலர் (கறுப்பை மறைக்கும் தோல்நிறப் பூச்சு) போதும். ஆனால் உங்கள் இமையின் நிறத்தில் இருக்க வேண்டும். ‘கண் எடுப்பாகத் தெரியட்டும்’ என்று இரண்டு படி வெளுத்த கன்சீலரை அடியில் போடுவதுதான் சாம்பல் பூப்பதற்கு அடுத்த பெரிய காரணம். இமை மிகவும் கறுத்திருந்தால் முதலில் ஆரஞ்சு கலந்த பீச் கரெக்டரை மிக மெலிதாக வைத்து, அதன்மேல் கன்சீலர். கறுப்பில் இருக்கும் நீலச் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும்.

பிரைமருக்கு மேல் வெள்ளைப் பவுடர் போட்டு உலர்த்தும் பழக்கத்தையும் விடுங்கள். பேலட்டிலேயே உங்கள் தோல் நிறத்துக்குச் சமமான மேட் ஏதாவது இருக்கும். அதைத் தட்டைப் பிரஷ்ஷால் இமை முழுதும் ஒற்றுங்கள். இதற்கொரு காரணம் உண்டு. பிசுபிசுப்பாக இருக்கும் பிரைமரில் அடர்ந்த நிறத்தை வைத்தால் வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு திட்டாகிவிடும், எவ்வளவு பிளெண்ட் செய்தாலும் நகராது. உலர்ந்த பரப்பில்தான் மேட் வழுக்கிப் பரவும். ஷிம்மருக்கு நேர்மாறு: பிசுபிசுப்பு இருந்தால்தான் அது பிடிக்கும். எனவே ஷிம்மர் வைக்கப்போகும் இமை நடுப்பகுதியை மட்டும் உலர்த்தாமல் விடலாம், அல்லது கடைசியில் அங்கே ஒரு புள்ளி பிரைமர் மறுபடி வைக்கலாம்.

அடுத்தது பொடி கொட்டுவது. புது வில்லையில் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி எடுத்தால் தேவையைப் போல ஐந்து மடங்கு பொடி மேலே கிளம்பும். மிருதுவான, நிறம் அதிகமுள்ள வில்லைகளில் இது இன்னும் மோசம். பிரஷ்ஷின் நுனியை மட்டும் இரண்டு முறை வில்லையில் ஒற்றி, பிடியை மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழ வேண்டியதெல்லாம் அங்கேயே விழட்டும். பிரஷ்ஷை முதலில் எங்கே தொடுகிறீர்களோ அங்கேதான் நிறம் அதிகம் விழும். ஆகவே கண்ணின் வெளி ஓரத்தில் தொட்டு உள்நோக்கி வாருங்கள். பிடியின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டால் கை தானாகவே இலேசாகும். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடி மடிப்பு எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இமை தொங்கலாக உள்ளவர்கள் உண்மையான மடிப்புக்கு ஒரு பருக்கை அளவு மேலே நிறத்தை வைத்தால்தான் கண் திறக்கும்போது தெரியும்.

கார் வைப்பர் மாதிரி இடவலமாக இருபது முப்பது விநாடி, பிறகு பொடி எடுக்காத சுத்தமான புசுபுசு பிரஷ்ஷால் ஓரங்களை மட்டும் கரைத்துவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் மூன்று நிறமும் கலந்து சேறாகிவிடும். இமையில் போடும் முதல் நாள் மூன்று நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள்: செங்கல், காபி, ஒரு ஷிம்மர். கன்னத்தில் விழுந்ததை விரலால் துடைத்தால் கோடாக இழுபடும். காய்ந்த பெரிய பிரஷ்ஷால் விசிறிவிடுங்கள். ஃபவுண்டேஷனைக் கண் முடித்த பிறகு போட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஊதாவும் நீலமும் திட்டாகத்தான் விழும், நல்ல விலையுள்ள பேலட்டிலும். அந்த நிறமிகளைச் சீராகப் பரவும்படி கட்டுவது தயாரிப்பாளர்களுக்கே சிரமம். அவற்றைத் தேய்க்காமல் தட்டைப் பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி, மெல்லிய இரண்டு மூன்று அடுக்காக வையுங்கள். ஊதா ஒன்று திட்டாகிறது என்பதற்காகப் பேலட்டையே மட்டம் என்று தள்ளுவது நியாயமில்லை. செங்கல் நிறம் திட்டானால் தாராளமாகத் தள்ளலாம்.

ஷிம்மரில்தான் மாநிறத்துக்கு உண்மையான கொடுப்பினை. ஷிம்மரின் மினுக்கம் சாயத்தால் வருவதல்ல. மைக்காத் துகளின் மேல் டைட்டானியம் டைஆக்சைடைப் படலமாகப் பூசியிருப்பார்கள். அந்தப் படலம் எவ்வளவு தடிமனோ அதற்கேற்ப வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று ஒளி திரும்பி வரும். வெளிர்ந்த அடித்தளத்தில் இந்த ஒளி மற்ற வெளிச்சத்தோடு கரைந்துவிடும். அடர்ந்த அடித்தளத்தில் தனித்து நிற்கும். கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் டூயோகுரோம் வில்லை உங்களுடையதில் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: இமை நடுவில் கறுப்போ அடர் காபியோ மெலிதாக ஒற்றி, அதன்மேல் டூயோகுரோமை விரலால் ஒரே அழுத்தாக வையுங்கள். தலையை மெல்லத் திருப்பினால் மயில்கழுத்துப் பட்டின் மடிப்பில் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடுவது போல ஓடும். அதே வில்லையை வெறும் இமையில் போட்டிருந்தால் வெளிறிய பளபளப்பு மட்டும் தெரிந்து ஏமாந்திருப்பீர்கள். பிரஷ்ஷால் வைப்பதென்றால் செட்டிங் ஸ்பிரேயை (ஒப்பனை கலையாமல் நிற்க அடிக்கும் திரவம்) பிரஷ்ஷில் ஒரு முறை அடித்து வையுங்கள். வில்லையின் மேல் அடிக்காதீர்கள். காய்ந்ததும் மேலே ஏடு போல இறுகி, பொடியே வராது. விரல் எண்ணெய் படிந்து அப்படி ஏற்கெனவே இறுகிய வில்லையில் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் மேலேடு மட்டும் வந்துவிடும்.

கண்மை போடுகிறவர்கள் வரிசையை மாற்ற வேண்டும். ஐஷேடோ முழுதும் முடித்து, விழுந்த பொடியைத் தட்டிவிட்ட பிறகுதான் மை. முதலில் மையை எழுதிவிட்டால் ஈரமான மையில் ஷிம்மர் துகள் ஒட்டி, அங்கிருந்து கண்ணுக்குள் போகும். மை கீழே கசிகிறவர்கள் கீழ் இமைமுடி ஓரத்தின் வெளித்தோலில் அடர் காபி மேட்டைப் பென்சில் பிரஷ்ஷால் ஒற்றினால் கசிவு அங்கேயே நிற்கும்; மை எழுதும் உள்ஓரத்தில் பொடி வைக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸை முதலில் வைத்துவிட்டு ஒப்பனை, லென்ஸை எடுத்துவிட்டு ஒப்பனைக் கலைப்பு. கைவேலைக்கு விற்கும் ஜிகினாவை எந்தக் காரணத்துக்காகவும் இமையில் வைக்காதீர்கள். அதன் கூர் ஓரம் கருவிழிப் படலத்தைக் கீறிவிடும்.

கல்யாண வீட்டில் ஒரே பேலட்டும் ஒரே பிரஷ்ஷும் பத்துப் பேர் கண்ணுக்குப் போய் வருவது நம் பக்கம் சகஜம். தயவுசெய்து உங்கள் பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் இது விளையாட்டல்ல. கண் சிவந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, மஸ்காராவையும் கண்மையையும் தூக்கிப்போட்டு, பிரஷ்களைச் சோப்பால் கழுவி, தலைகீழாகச் சாய்த்துக் காயவைத்து, வில்லைகளின் மேலேட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். எல்லாம் முழுதாகக் குணமான பிறகுதான் மறுபடி ஐஷேடோ.

நொறுங்கி வந்த வில்லை: திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் போட்டோ எடுத்து மாற்றிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முடிந்துவிட்டதென்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். வில்லையை அரைகுறையாக விடாமல் பல்குத்தும் குச்சியால் முழுதும் மாவாக நொறுக்குங்கள். கட்டி மிச்சமிருந்தால் மறுபடி அங்கேதான் உடையும். சொட்டுச் சொட்டாக, எட்டுப் பத்துச் சொட்டு விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாக, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை குழையுங்கள். ஒரு நிமிடம் விட்டு, மேலே டிஷ்யூ பேப்பரை வைத்து, அந்தக் குழிக்குள் அடங்கும் நாணயத்தால் அழுத்துங்கள். ஈரம் ஊறிய டிஷ்யூவை மாற்றி இரண்டு மூன்று முறை அழுத்தி, அடுப்புப் பக்கம் போகாமல், மூடாமல் 24 மணி நேரம் காயவிடுங்கள். ஆல்கஹால் வாசனை துளியும் இல்லாமல் போன பிறகு பயன்படுத்தலாம். மேட் என்றால் முன்பைவிடக் கொஞ்சம் இறுகியிருக்கும். பிரஷ்ஷில் இன்னும் இரண்டு ஒற்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.